மட்டு மரியாதை

எங்கள் வங்கியின் பின்கட்டில், தேநீர் நேரத்தில்,
சொல்லுக்குக் குறைவில்லை.
காட்டான் என்பார் முகாமையாளர், சிரிக்காமல்.
மோடன் என்பார் காசாளர்.
அரியண்டம், அது நிரோஷினி, மூக்கைப் பொத்திக்கொண்டு.
நான் மட்டி என்பேன்.
மட்டி எங்கே கிடக்கும் என்று தெரிந்தவள்தான் அப்படி ஏசலாம்:
வாவிச் சேற்றில் கணுக்கால் புதைய நின்று
பெருவிரலால் தடவி எடுத்திருக்கிறேன்,
எத்தனை தரம் கழுவினாலும்
கறிக்குள் ஒரு மணல் பல்லில் கடிபடும்.
அதை அங்கே சொன்னதில்லை.

இன்னொன்றும் உண்டு.
ஏச்சுக்கூட அல்ல, ஒரு திசை.
"படுவான்கரை" என்று சொல்லி நிறுத்துவார்கள்,
மிச்சத்தைப் புருவம் சொல்லும்.
மண்முனைத் துறையில் பாதை ஓடிய காலத்துச் சொல்.
பாதை நின்று பாலம் வந்தது,
சொல் இப்போது பாலத்தால் போய்வருகிறது.

வெள்ளாமை தொடங்குகிற புரட்டாதி.
அடகுப் பிரிவில் சனம்.
அவர் இலக்கத் துண்டு எடுக்கவில்லை,
வரிசையைப் பார்க்கவுமில்லை, நேரே வந்தார்.
சாரத்தை மடித்துக் கட்டியபடி,
வெற்றிலைச் சாறு சிந்தாமல் நாடியை உயர்த்தி,
வட்டையில் ஒரு வரம்பிலிருந்து மறு வரம்புக்குக்
கதைக்கிற தொண்டையால்
"கொடி ஒண்டு வைக்கோணும்" என்றார்.
வெளியே முச்சக்கரவண்டிக்காரனும் திரும்பிப் பார்த்தான்.

"மட்டு மரியாதை தெரியாததுகள்"
நிரோஷினி என் காதுக்குள்.
மட்டு.
எங்கள் ஊர்ப் பலகைகளில் அப்படித்தான் சுருக்கி எழுதுவோம்,
ஒரு புள்ளி வைத்து.

லேஞ்சியை அவிழ்த்தார். மஞ்சள் மணத்தது.
பெண்சாதியின் கழுத்துச் சூடு இன்னும்
போகாததுபோல் இருந்தது கொடி.
உரைகல்லில் உரசக் குனிந்தேன்.
அப்போதுதான் என் உச்சியைப் பார்த்திருக்கிறார்,
அந்தச் சுழியை.

"இஞ்ச பார்! நீ நல்லரெத்தினத்துட மூத்தவள்தானே?
கோகிலம்!
கொப்பர ஆசுபத்திரியில கிடந்து கொண்டந்த ராவு
தோணிக்கு நான்தானே புள்ள சவள் போட்டன்,
லைற்றும் இல்லாம..."

வரிசை முழுவதும் கேட்டது.
காசாளரின் எண்ணும் கை நின்றது.

"மன்னிக்க வேண்டும், ஐயா.
தாங்கள் வேறு யாரையோ நினைத்துக் கதைக்கிறீர்கள்."

குரல் உயரவில்லை.
இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.
ஐயா என்றும் சொன்னேன்,
தாங்கள் என்றும்.

அவர் கண்ணாடித் துளைக்கு முன்னால்
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு சின்னக் குரலில்,
அவரிடம் அப்படி ஒரு குரல் இருக்குமென்று நான் நினைக்கவில்லை,
"கண் மங்கிப் போச்சு மகள்.
குறை நினைக்காதேங்க" என்றார்.
நீ, நீங்க ஆகியிருந்தது.
தன் கை பட்ட இடத்தில் சேறு ஒட்டியிருந்ததைக் கண்டு
தோள்துண்டால் மேசையைத் துடைத்தார்,
இரண்டு தரம்.

"நல்லா வெட்டிவிட்டீங்க அக்கா" என்றாள் நிரோஷினி.
அவளுடைய சொற்களில்
எனக்கென்று ஒன்றைத் தேடிக்கொண்டே
படிவத்தை நிரப்பினேன்.

பெயர்: சாமித்தம்பி பத்தக்குட்டி.
தொழில்: கமம்.
அடையாள அட்டையில் இருந்தது
இடம்பெயர்ந்த காலத்து விலாசம், வேறெங்கோ.
பற்றுச்சீட்டை நீட்டிய பிறகுதான் கண்டேன்,
என் கையெழுத்தில், கேட்காமலே:
முனைக்காடு, வைரவர் கோயில் ஒழுங்கை,
ஆற்றங்கரைப் பக்கம், கடைசி வளவு.

அவர் விரல் வைத்து,
எழுத்து எழுத்தாக வாசித்தார்.
ஒழுங்கையில் கொஞ்சம் நின்றார்.
வளவு வரைக்கும் போனார்.
மடித்து லேஞ்சிக்குள் வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

வாய் நிறைய வெற்றிலை,
துப்ப இடமில்லை.